மரத்தடியில் நான் விட்ட சோறு

இருபத்தைந்து பேருடைய மத்தியானச் சோற்றை மரத்தடியில் விட்டுவிட்டு மலையேறியவன் நான். போன ஈஸ்டர் விடுமுறையில், மெல்பேர்னிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கும் ஒரு மலையில் அது நடந்தது.

டண்டினொங் வெயர்ஹவுஸில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர்தான் கூட்டிப்போனார். இங்குள்ள அவர் நாட்டவர்களிடம் ஒரு மலையேறும் குழு இருக்கிறது. சொந்தபந்தம் எல்லாம் கடலுக்கு அப்பால் என்பதால், மாதம் ஒரு மலை ஏறி, உச்சியில் வாழையிலை விரித்து, சுற்றி நின்று கையால் சாப்பிடுவார்கள். இலங்கையில் சிவனொளிபாதமலைக்கு நாலு தரம் ஏறினவன் என்று நான் அவரிடம் புளுகியிருந்தேன். ஏறியது ஒரு தரம். அதிலும் பாதி அப்பாவின் தோளில்.

கறி, கருவாடு, மாம்பழம் என்று ஆளுக்கொன்றாய்ச் சுமந்தார்கள். எல்லாவற்றிலும் பாரமான சோற்றுப் பை அனுபவசாலியான எனக்கு வந்தது. அவர்கள் வழக்கப்படி 'கூயா', அதாவது அண்ணை என்று மரியாதை வேறு.

முக்கால் மணித்தியாலத்தில் முழங்கால் இரண்டும் என்னோடு கோபித்துக்கொண்டன. எல்லோரும் முன்னால் போய்விட்டார்கள். பையை மெல்ல ஒரு மரத்தடியில் இறக்கி வைத்தேன். இவ்வளவு கறி இருக்கும்போது சோற்றை யார் தேடப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவனுக்கு வந்த புத்தி அது.

உச்சியில் இலை விரித்தார்கள். கறி வந்தது, கருவாடு வந்தது. பிறகு, கை கழுவிவிட்டு நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அப்படியே கீழே ஓடிவிடலாமா என்று யோசித்தேன், முழங்கால் சம்மதிக்கவில்லை.

அப்போதுதான் கடைசி ஆளாக ஓர் அன்ரி ஏறி வந்தார். அறுபது வயதிருக்கும். முதுகில் தன் பை, நெஞ்சில் என் சோற்றுப் பை. அந்தக் குழுவில் ஒருவர் எப்போதும் எல்லோருக்கும் பின்னால்தான் நடப்பார். பின்தங்கிய ஆளையும் விடுபட்ட சாமானையும் சேர்த்துக்கொண்டு வருவது அவர் பொறுப்பு. அது எனக்குத் தெரியாது.

இவர் களைத்துவிட்டார், நான் வாங்கிக்கொண்டேன் என்று மட்டும் அன்ரி சொன்னார். சொல்லிவிட்டு, என் பக்கம்தான் முதலில் சோற்றை அள்ளி வைத்தார். அதில் கை வைக்குமுன் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்து முடிய, எல்லோரும் அன்ரிக்குக் கை தட்டினார்கள்.

இப்போதும் மாதாமாதம் போகிறேன். என்னிடம் தருவது வாழையிலை மட்டும். பின்னால் ஒருவர் வருகிறார் என்ற நம்பிக்கையில்தான் ஒரு கூட்டமே மலையேறுகிறது என்று அன்று விளங்கியது.

அன்று வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் உருக்கமாகச் சொன்னேன். நான் கழற்றிப்போட்ட சப்பாத்தை அவள் எடுத்து ஓரமாய் வைத்தாள்.

"இருபது வருசமா உங்களுக்குப் பின்னால நான் பாக்கிறதும் அந்த வேலைதான். எனக்கு ஆர் கை தட்டினது?"