படுக்க ஆள் இல்லாத ஸ்ட்ரெச்சர்

பதுளை டவுனில் ஓர் இரும்புப் பட்டறையில் எனக்கு வேலை. எதையாவது புதிதாகச் செய்வதென்றால் முதலில் ஒரே ஒரு மாதிரி செய்வார்கள். அதை நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிச்சத்துக்குப் பைப் வெட்டுவார்கள். வெட்டிய பைப்பைப் பழையபடி ஆக்க எந்தச் சாமியாலும் முடியாது. அதனால் குறை கண்டுபிடிக்கவே எனக்குச் சம்பளம். வீட்டிலும் அதே குணம்தான் என்று அப்பா சொல்வார்.

மழைக்காலத்துக்கு முன்பு, தேயிலைத் தோட்டங்களுக்கு ஸ்ட்ரெச்சர் செய்ய ஓர் ஆர்டர் வந்தது. தொழிலாளர் குடியிருக்கும் மேட்டு லயங்களுக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, வண்டி போகாது. நோயாளியைக் கம்பளியில் போட்டு, கம்பில் கட்டி, தேயிலைக்கு நடுவே ரோட்டுக்குத் தூக்கி வருவதுதான் இன்றைக்கும் வழக்கம். அம்மா அப்படித்தான் வந்தாள். ரோடு வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. ஆர்டர் வந்த சமயம் அப்பாவுக்கும் நெஞ்சு வலி. தெமோதரைப் பக்கம் அதே மேட்டு லயத்தில்தான் இருந்தார். டவுனுக்கு வாங்க என்றால் மாட்டேன் என்பார். இந்த ஸ்ட்ரெச்சர் எனக்கு வெறும் ஆர்டர் இல்லை.

மாதிரியில் ஒரு குறையும் தெரியவில்லை. மணல் மூட்டையை ஏற்றிக் குலுக்கினேன், வெல்டிங்கைத் தட்டிப் பார்த்தேன். ஒடுங்கிய பாதையில் தேயிலைச் செடி இடிக்கும் என்று, நான்கு கைப்பிடிகளையும் தோளில் வைத்துத் தூக்குகிற மாதிரி அமைத்திருந்தார்கள். நல்ல யோசனை என்று நானே மெச்சினேன். லயத்தில் ஒரு தடவை ஆளை வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டால் கையெழுத்துத்தான்.

லயத்து வாசலில் இறக்கிவைத்து அப்பாவைப் படுக்கச் சொன்னேன். அவர் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

“உசுரோட இருக்கிறவன இதுலயா ஏத்தப் பாக்குற?”

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப்பா.”

“நாலு பேரு தோள்ல நான் ஒரு தடவதான் போவேன். அன்னிக்கு ஒன்னயக் கேக்க மாட்டேன், போ.”

பக்கத்துக் காம்பரா வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள். அவள் மாமியார், “இத மொதல்ல வாசல்லருந்து எடு புள்ள, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!” என்று மருமகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சாகப் பயந்தே சாகிற சனம்! “நானே படுக்கிறேன், தூக்குங்க” என்று ஏறிப் படுத்தேன். லயத்து ஆண்கள் நாலு பேர் தூக்கினார்கள். வானமும் தகரக் கூரையின் விளிம்பும்தான் தெரிந்தன. சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நாலு பேரின் நடையும் தானாக ஒன்றானது. பாதைத் திருப்பத்தில் விறகோடு ஏறி வந்த ஒரு பெரியவர் சட்டென்று ஒதுங்கினார். விறகை இறக்கிவைத்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி குனிந்து நின்றார். யாரென்றுகூட அவர் கேட்கவில்லை. “இறக்குங்க, இறக்குங்க!” என்று கத்தினேன்.

மறுநாள் பட்டறையில் முதலாளி கேட்டார்: “வெல்டிங்ல கோளாறா தங்கச்சி?”

“வெல்டிங் கல்லு மாதிரி இருக்கு முதலாளி. படுக்கத்தான் ஆள் இல்ல. பாடைன்னு பயப்படுறாங்க.”

“பைப்பு வந்து எறங்கிருச்சு! பாடை மாதிரி இருக்குன்னு ஆர்டர் குடுத்தவங்ககிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?”

“அப்படியே சொல்லுங்க. வலி வந்தவன் ஏற மாட்டேன்னா அது வெறும் இரும்புதான்.”

முணுமுணுத்துக்கொண்டே அவர் போனை எடுத்தார். பிறகு ஆர்டர் கொடுத்தவர்களே மாற்றச் சொல்லிவிட்டார்கள். படுக்கையை நாற்காலியாக்கினோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இடுப்பளவில் தூக்கலாம். உட்கார முடியாதவருக்குச் சாய்மானம் பின்னால் விரியும். கை வைக்க இரண்டு பக்கமும் பிடி. சனம் பழகட்டும் என்று புது மாதிரியை லயத்திலேயே விட்டுவந்தேன்.

மழை பிடித்த ஒரு காலையில் அப்பாவுக்கு வலி வந்தது. போன் வந்ததும் ஆட்டோவில் பாய்ந்து போய்த் தோட்டத்து ரோட்டில் நின்றேன். தேயிலைக்கு நடுவே அப்பா இறங்கி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தபடி, வெளுத்த சட்டை போட்டு, சாம்பல் பூத்த முகத்தோடு. எதிரே ஏறிப்போன ஒருத்தி, “எங்கண்ணே பயணம்?” என்று கேட்டாள்.

“பதுளைக்கு” என்றார்.

அந்த ஒரு சொல் போதும் எனக்கு. நடு ரோட்டில் நின்று அழுதேன்.

வார்டில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “கையெழுத்துப் போட்டுட்டியா?”

“இன்னும் இல்லப்பா.”

“வலது பக்கப் பிடிக்கு அடியில என்னமோ குத்துது. அத மட்டும் பாரு.”

அந்த வாரமே போய்விட்டார். சொன்னபடி நாலு பேர் தோளில் ஒரு தடவைதான் போனார். விறகுப் பெரியவர் அன்றைக்கும் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

காரியம் முடிந்து வேலைக்குப் போனபோது நாற்காலி பட்டறைக்குத் திரும்பியிருந்தது. அப்பா உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்து, வலது பிடியின் அடியைத் தடவினேன். ஒரு போல்ட் முனை நீட்டிக்கொண்டிருந்தது. கையுறை போட்டுச் சோதித்ததில் எனக்கு அது தட்டுப்படவில்லை. கிரைண்டரில் தேய்க்கச் சொன்னேன். தேய்த்த இடத்தில் வெறும் கையை வைத்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஆறும்வரை எடுக்காமல் இருந்துவிட்டு, எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன்.