லூசியானே உட்கார்ந்தால் இருளும் திரை

மெலெனாய்தே நுகு அலோஃபா என்ற தீவு நகரத்தில், ரொட்டிக் கடைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையில் பழைய லேப்டாப்புகளுக்கு உயிர் கொடுத்துவந்தாள். முப்பது வருடத்தில் அவள் கற்ற பாடம் ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார். இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவரோ பழுது பார்க்க வருவதில்லை. இப்படிப் பேசியதற்காகப் போதகர் வீடு தேடி வந்து அவளைக் கண்டித்தார். கண்டித்துவிட்டுத் தன் லேப்டாப்பையும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாய் முடையும் பெண்கள் சங்கத் தலைவி கலோலைனே பத்து வயதான லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் சங்கச் செயலாளர் லூசியானே தலை குனிந்து வந்தாள். முடைந்த பாய்களை ஆக்லாந்திலுள்ள உறவுப் பெண்களுக்கு வீடியோவில் காட்டுவது அந்த லேப்டாப்பில்தான்.

"திரை கண் சிமிட்டுது. அப்புறம் ஒரேயடியா கருத்துப் போகுது," என்றாள் கலோலைனே. "இவ உட்காரும்போது மட்டும். என் தங்கச்சி மக உட்கார்ந்தா ஜம்முனு ஓடுது."

"கேபிளா இருக்கும்."

"கேபிள் இல்லடி. செத்துப்போன இவ புருஷன்!"

லூசியானேயின் கணவன் இறந்து ஏழு மாதம். ஊர் வழக்கப்படி ஒரு வருடம் கறுப்பு உடுத்தி, இடுப்பில் துக்கப் பாய் சுற்றியிருக்க வேண்டியவள், ஆறாம் மாதமே கழற்றிவிட்டாள். மனைவியை இழந்த ஆண்கள் மூன்றாம் மாதமே கழற்றியதுண்டு. அதற்காக எந்தத் திரையும் இருண்டதாக ஊரில் பேச்சில்லை.

"சாயந்திரம் கூட்டம். செயலாளர் பதவியிலேர்ந்து இவளை எடுத்துட்டு என் தங்கச்சி மகளைப் போடப்போறோம். ஆவி வேலைதான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"உயிரோட இருந்தப்ப அவனுக்கு டிவி ரிமோட்டையே அமுக்கத் தெரியாது. செத்த பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சானாம்?"

லூசியானே மெல்லச் சொன்னாள்: "அக்கா, ஆக்லாந்துல இருக்கற என் மக முகத்தை நான் பாக்கறது இதுல மட்டும்தான்."

மெலெனாய்தே திரையை முன்னும் பின்னும் ஆட்டினாள். ஓரங்களை அழுத்தினாள். ஒரு கோடுகூட விழவில்லை. கேபிள் குற்றமற்றது. லூசியானேயை உட்காரச் சொன்னாள். இரண்டு வரி தட்டுவதற்குள் திரை சிமிட்டி இருண்டது.

"பாத்தியா!" என்று துள்ளினாள் கலோலைனே.

"இப்ப ஒண்ணை மாத்துவோம். துக்கப் பாய் எங்க?"

கலோலைனே அதை ஆதாரமாகப் பையிலேயே கொண்டுவந்திருந்தாள். லூசியானேயின் இடுப்பில் அதைச் சுற்றிக் கட்டினார்கள். திரை மறுபடி இருண்டது.

"பாயைக் கட்டியாச்சு. இன்னும் என்ன கோவமாம் அவனுக்கு?"

மெலெனாய்தே லூசியானேயின் இடது கையையே கவனித்தாள். மணிக்கட்டு விசைப்பலகையின் ஓரத்தில் படியும்போதெல்லாம் திரை அணைந்தது. மணிக்கட்டில் கனத்த வளையல் ஒன்று இருந்தது.

"என்ன இது?"

"காந்த வளையல். பாய் முடைஞ்சு கை வலிக்குதுன்னு தலைவியக்காதான் வரவழைச்சுக் குடுத்தாங்க."

"கழட்டு. பாய் அப்படியே இருக்கட்டும்."

கழற்றினாள். பத்து வரி தட்டினாள். திரை பளிச்சென்று நின்றது.

"மூடியில ஒரு சின்னக் காந்தம் இருக்கு," என்றாள் மெலெனாய்தே. "மூடினா அது கீழே இருக்கற உணர்கருவி பக்கத்துல வரும், திரை அணையும். வளையலைப் பாத்து மூடியாச்சுன்னு இது ஏமாந்துபோச்சு."

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை," என்றாள் கலோலைனே.

"அப்படியா? நீங்க உட்காருங்க."

அவள் கையிலும் அதே வளையல். வீறாப்பாக உட்கார்ந்து இடது கையை வைத்தாள். திரை இருண்டது.

மெலெனாய்தே முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டாள். "அக்கா, உங்க வீட்டுக்காரர் எப்போ தவறினாரு?"

கலோலைனே எழுந்து வாசலுக்கு ஓடினாள். வெளியே நின்ற வேனுக்குள் அவள் கணவன் தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தான்.

"யோவ், இருக்கியா?"

"எங்கடி போவேன்? சாவி உன்கிட்டதானே இருக்கு!"

அவள் திரும்பி வந்து வளையலைக் கழற்றிப் பைக்குள் திணித்தாள். "கூட்டத்துல இதைப் பேச வேண்டாம்."

லூசியானே துக்கப் பாயை அவிழ்த்து மடித்துத் தலைவியின் கையில் கொடுத்தாள். லேப்டாப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நடந்ததை எழுதி வைக்கறது செயலாளர் வேலை தலைவியக்கா. ஒண்ணு விடாம எழுதி, ஆக்லாந்துக்கும் வாசிச்சுக் காட்டறேன்."