தீ சுடாத கால்

எனக்குச் சர்க்கரை இருப்பது ஊருக்கே தெரியும். தினமும் காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாளெல்லாம் லேத் மெஷின் முன்னால் நிற்கிற கால் அது. அதையே வேவு பார்ப்பதா என்று கேலி பேசிவிட்டு மறந்துபோனேன்.

அந்த ஆடியில், வழக்கம்போல் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டித் தீ மிதித்தேன். வருஷா வருஷம் பாதிக் குழியில் சுரீரென்று ஒன்று உச்சிக்கு ஏறும். இந்த முறை ஏறவில்லை. வராண்டாவில் உலாத்துவதுபோல் நடந்து கரையேறினேன். எனக்குப் பின்னால் மிதித்து வந்த மச்சான், என் மனைவியின் தம்பி, கையெடுத்துக் கும்பிட்டான்.

"இன்னா நட மாமா. ஆத்தா உன் மேலயே குந்திக்கினா."

நானும் அருள் வந்த முகத்தை வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில்தான் சந்தேகம் தட்டியது. இத்தனை வருஷம் இல்லாத கருணை ஆத்தாவுக்கு இப்போது எதற்கு? என் யோக்கியதை அவளுக்குத் தெரியாதா? நெருப்புதான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மச்சானைப் பார்த்தேன். அவன் நொண்டிக்கொண்டு வந்தான். ஆக, நெருப்பின் மேல் குற்றமில்லை.

வீட்டில் மனைவி என் காலைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாயா இது, கொப்புளம் இட்லி மாரி கீது. வலிக்கல?"

"இல்லியே."

"இத போய் பெருமையா சொல்லினுகிற."

அதன் பிறகு எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. கால் விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினேன். கிள்ளுகிற கைதான் வலித்தது. ஐஸ் கட்டியை வைத்தேன். ஐஸ் மேலேயே சந்தேகப்பட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். கால் போனால் வேலை போகும் என்பதுவரை யோசித்துவிட்டு, ஒற்றைக் காலில் லேத் ஓட்டவும் மனசுக்குள் பழகிக்கொண்டேன்.

மறுநாள் திருவள்ளூரில் டாக்டரிடம் போனோம். நர்ஸ் ஒரு மெல்லிய நைலான் இழையை எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்கண்ணா. தொட்டா சொல்லுங்க."

நர்ஸ் ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றியது. முந்திக்கொண்டேன். "ஆங்." கொஞ்சம் விட்டு, "ஆங்."

"அண்ணா, நான் இன்னும் தொடவே இல்ல."

என் மனைவி சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இழை தொட்டபோது நான்தான் பேசாமல் இருந்தேனாம்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். உணர்ச்சி நிறைய மங்கிவிட்டது, வலி வரட்டும் என்று காத்திருந்தால் சீழ் பிடித்து விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார். வாசலுக்குக்கூட வெறுங்காலோடு போகக் கூடாதாம். தீக்குழியைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மனைவிதான் திறந்தாள்.

புண் ஆற நாளாயிற்று. கட்டு மாற்றுவது அவள் பொறுப்பு. ஒரு சாயங்காலம் அவள் பஞ்சால் துடைக்கும்போது குதிங்கால் ஓரத்தில் சுருக்கென்றது. "அம்மா" என்று காலை இழுத்துக்கொண்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நடிக்கிறியா?"

"சத்தியமா இல்ல."

"உன் சத்தியம் யாருக்கு வோணும். செவுத்துப் பக்கம் திரும்பு."

திரும்பினேன். வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு, லேசாக, ஒரு முள் முனைபோல.

"குதிங்கால். வெளிப்பக்கம்."

"ம்" என்றாள். காலை விடவில்லை. இன்னொரு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.