நெல்லுக்களத்தில் ஒரு கப்பல் பாய்

ஓய்வுபெற்ற கப்பலின் சாமானைப் பாதுகாப்பது என்பது, முக்கால்வாசி நேரம் "தொடாதீங்க" என்று சொல்லும் வேலை. எங்கள் பயிற்சிக் கப்பலில் பாய் தைத்த பெரியவர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: "கப்பலுக்கு ஓய்வு உண்டு, அதைப் பாத்துக்கறவனுக்கு…" மீதி நினைவில்லை. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார். பின்பாதி வாய்க்குள்ளேயே போய்விடும். பழைய பொருள் எதையாவது காப்பாற்றக் கிளம்பி ஊர் வாயில் விழுந்திருக்கிறீர்களா? அப்படியானால் மீதியை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள்.

மழையில்லாத பாக்கியம்

பாய்மரத்தில் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கடலைப் பழக்கிய கப்பல் அது. ஓய்வுபெற்ற அன்று கடைசி பேட்ச் பிள்ளைகளும், அவர்களுக்குப் பயிற்சி தந்த நாங்களும் பெரிய பாயை மேல்தளத்தில் விரித்துப் பேனா மையால் பெயர் எழுதினோம். பள்ளியில் மலையாளமும் தமிழும் படித்த நான் இரண்டிலும் எழுதினேன். ஒரு பையன் பெயருக்குப் பதிலாக மீன் வரைந்தான்.

பிறகு கப்பலை உடைத்தார்கள். மிஞ்சிய பாய்க்கு அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழை செய்வதாக முடிவாயிற்று. அதுவரை எங்கே வைப்பது? துறைமுகத்து ஈரக் காற்றில் மை கலைந்துவிடும். நான் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்த ஊருக்கே திரும்புகிறேன் என்று கேள்விப்பட்ட, கப்பல் சாமான் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் துள்ளிக் குதித்தார். எங்கள் ஊர் வறட்சியை ஒருவர் பாராட்டி நான் கேட்டது அதுதான் முதல் தடவை: "மழையே சரியாப் பெய்யாத ஊரா சார்? அடடா, என்ன பாக்கியம்!"

காற்று

பாயை அவ்வப்போது விரித்துக் காற்றாட விட வேண்டும். என் வீட்டில் அது கால்வாசிகூட விரியாது. பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி அண்ணன் தன் நெல்லுக்களத்தைத் தந்தார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பதைக் கடலில் இருந்த காலத்தில் மறந்தே போயிருந்தேன். விரித்ததுதான் தாமதம், பாய் எழுந்து நின்றது. ஒரு முனையைப் பிடித்திருந்த அண்ணன் வேட்டி பறக்கக் களத்தின் மறுகோடிவரை ஓடினார். பிடியை மட்டும் விடவில்லை. நான் மூலைகளில் கல்லை ஏற்றி முடித்த பிறகு மூச்சிரைக்கச் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் புடிச்சிருந்தன்னா பொள்ளாச்சியில கொண்டுபோயி எறக்கியுட்டிருக்குமுங்க தம்பி!"

பந்தல்

அண்ணன் மனைவி ராமாத்தாள் அக்கா, தங்கை மகள் கல்யாணத்துக்குப் பந்தலாகக் கட்டப் பாயைக் கேட்டார். மை, கையெழுத்து, கண்ணாடிப் பேழை என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டார். நடுவில் மோர்கூடக் கொடுத்தார். டம்ளரைத் திரும்ப வாங்கும்போதுதான் கேட்டார்: "கடல்ல நனைஞ்ச பாயிங்க தம்பி, ரெண்டு சொட்டு சாம்பார் பட்டா செத்தா போயிரும்?"

மீன் வரைந்தவனின் அப்பா

வண்டன்மேட்டிலிருந்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார். மீன் வரைந்த பையனின் அப்பா. மகன் இப்போது ஏதோ சரக்குக் கப்பலில் தூர தேசத்தில் இருக்கிறான். மீனைக் காட்டினேன். விரலைத் துணியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாலிலிருந்து தலைவரை காற்றிலேயே தடவினார்.

"வீட்டுச் செவத்துல கரியால கிறுக்குனதுக்கு இவன வெளுத்துருக்கேன். இங்க கிறுக்குனதுக்குக் கண்ணாடி போடுதாங்களே அண்ணாச்சி!"

மேகம்

ஐப்பசியில் பேழை தயாராயிற்று. அனுப்புமுன் பாயைக் கடைசியாக ஒருநாள் வெயிலில் போட வேண்டும். அண்ணன் அறுத்த நெல்லை உலர்த்தக் காத்திருந்தார். எனக்காக ஒருநாள் தள்ளிப்போட்டுக் களத்தை விட்டுக்கொடுத்தார். உலர்ந்த பாயைச் சுருட்டிக் கட்டிக் களத்தோரக் கொட்டகையில் வைத்தேன். மறுநாள் அதை ஏற்ற லாரி வர வேண்டும். மை கலைந்தால் பேழையில் வைக்க ஒன்றுமில்லை என்று செயலாளர் போனில் இரண்டு முறை சொல்லிவிட்டார்.

அந்த மறுநாள் களம் முழுக்க நெல். நனைந்தால் மில்லில் எடுக்க மாட்டார்கள்; அண்ணனுக்கு அந்தப் போகத்தில் வேறு வரும்படி கிடையாது. லாரி வரவில்லை. மேகம் வந்தது. இருந்த தார்ப்பாய்கள் பாதி நெல்லைத்தான் மூடின. அக்கா சாக்கு, போர்வை, பழைய சேலை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து போட்டார். அப்போதும் நடுக்களம் திறந்தே கிடந்தது. தூறல் விழுந்தது. நான் கொட்டகைக்குப் போய்ப் பாயின் கட்டுக்கயிற்றில் கை வைத்ததைப் பார்த்து அண்ணன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத உடுங்க தம்பி. பசங்க பேரு எழுதுனதுங்க. நெல்லு அடுத்த போகத்துக்கும் வெளையுமுங்க."

நான் கட்டை அவிழ்த்துப் பாயை நெல்லின்மேல் விரித்தேன்.