மாலை போட்ட ஜீப்

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் ரத்தம் கழுவ வேண்டியிருந்த காலத்தில்தான் அந்த ஜீப்பை வாங்கினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவளுடைய சிறுநீரகம் இரண்டும் மெல்ல மெல்லக் கைவிட்டிருந்தன. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் இடம் கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தோம். கிடைத்தது செவ்வாய், வியாழன், சனி, பிற்பகல் மூன்று மணி. நாங்கள் குடியிருந்ததோ டெங்கிலுக்கு அப்பால், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள். அங்கிருந்த தமிழ்ப்பள்ளிக்கு நான் தலைமையாசிரியர்.

தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வர மூன்று மைல் செம்மண் பாதை. மழை பெய்தால் என் பழைய கார் வயிறு வரை சேற்றில் இறங்கிவிடும். டிராக்டர் வந்து இழுக்கும் வரை அவள் உள்ளே உட்கார்ந்திருப்பாள். நான் வெளியே நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு முறை தாமதமாகப் போனதும் நிலையத்துத் தாதி நல்லவிதமாகவே சொன்னாள்.

“சார், இப்படியே லேட்டா வந்தீங்கன்னா இந்த இடத்த வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிடுவாங்க. வெயிட்டிங்ல நிறைய பேர் இருக்காங்க.”

மாற்றல் கேட்டு எழுதியிருந்தேன், வரவில்லை. கிள்ளானில் அவளுடைய அண்ணன் வீடு இருந்தது. அங்கே போய் இரு என்றால் கேட்கமாட்டாள். “உங்களுக்கு முட்டைகூட அவிக்கத் தெரியாது. நான் ரத்தம் கழுவிட்டு வர்றதுக்குள்ள நீங்க பட்டினி கெடந்து போய்ச் சேர்ந்துடுவீங்க” என்பாள். ஆகவே சேற்றில் போகிற வண்டி ஒன்று வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும் என்று ஆனது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பின்சந்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் பதினைந்து வருடமாக என் கார்களைப் பார்த்துவந்தார். என் வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். பழைய ஃபோர்வீல் வாங்கப் போகிறேன் என்றதும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“சார், டர்போ இல்லாத டீசல் வண்டியாப் பாருங்க. கை கியர்தான் நல்லது. பார்க்க அசிங்கமா இருந்தாலும் பரவால்ல. தோட்டத்துல ஓடுன வண்டின்னா இன்னும் நல்லது” என்றார். பிறகு ஒரு மாடலின் பெயரைச் சொன்னார். “அத மட்டும் வாங்காதீங்க. அந்த எஞ்சின் சூடு தாங்காது. இங்க மூணு வண்டி வந்துச்சு, மூணுக்கும் ஒரே சீக்கு. எத எடுத்தாலும் முழுப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி எங்கிட்டக் கொண்டாங்க.”

அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை வாங்கிப் பிரச்சினையில்லாமல் ஓட்டியவர்களும் இருப்பார்கள்.

கிள்ளானில் பழைய வண்டி விற்கிற கடையில் இரண்டு நின்றன. ஒன்று மெக்கானிக் சொன்ன மாதிரியே, பெயின்ட் உரிந்து, தகரப் பெட்டி போல இருந்தது. என் மனைவியால் அதில் ஏற முடியவில்லை. படி உயரம். கையில் ஊசி போடுகிற இடம் புடைத்திருந்ததால் அந்தக் கையை ஊன்றவும் முடியாது. இரண்டு முறை முயன்றுவிட்டுச் சிரித்தபடி ஒதுங்கி நின்றாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றது அவர் வேண்டாம் என்ற மாடல். பக்கவாட்டில் கால் வைக்கப் பலகை இருந்தது, மெத்தென்ற இருக்கை, ஏர்கோன் சில்லென்று வந்தது. அவள் ஏறி உட்கார்ந்து சாய்ந்துகொண்டாள்.

“டாக்டர் ஒருத்தர் ஓட்டுன வண்டி லா, சார்” என்றார் கடைக்காரர். “மூணு நாள் வச்சிப் பாருங்க. பிடிக்கலன்னா கொண்டு வந்து விட்டுடுங்க, டெபாசிட்ட அப்படியே திருப்பித் தரேன்.” இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: அந்த மனிதர் என்னை ஏமாற்றவில்லை.

கிள்ளானிலிருந்து நேரே பட்டறைக்குத்தான் போயிருக்க வேண்டும். நான்தான் முதலில் கோயில் என்றேன். அவள் ஆச்சரியப்பட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அவளைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு எதிர்க்கடையில் தேத்தண்ணி குடிப்பவன் நான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் எனக்குப் பயம் வந்திருந்தது. பயம் வந்தவனுக்குப் பகுத்தறிவு எங்கே போகிறது என்று தெரியவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கோயிலின் முன்னால் வண்டியை நிறுத்தினோம். குருக்கள் கண்ணாடியில் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, முன்னால் மாலை கட்டினார். யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். வண்டி என் பெயரில்தான் வரப்போகிறது. நான் அவள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் வண்டியை முன்னால் எடுத்தபோது பழங்கள் நசுங்கின. அவள் வெளியே நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகம் நன்றாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாலை அறுந்துவிடாதபடி மெதுவாக ஒதுக்கிவிட்டு பானெட்டைத் தூக்கினார். எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி என்னிடம் காட்டினார். உட்புறம் பாலாடை மாதிரி வெளுப்பாகப் படிந்திருந்தது.

“தண்ணி எண்ணெயோட கலக்குது சார். எஞ்சினோட ஹெட்டு போகப்போகுது. செஞ்சாலும் மறுபடி போகும், இந்த எஞ்சின் அப்படித்தான். கடைக்காரர் மூணு நாள் டைம் குடுத்திருக்காருன்னு சொன்னீங்கல்ல? இப்பவே கொண்டு போய் விட்டுடுங்க.”

அவள்தான் பேசினாள்.

“திருப்பிக் குடுத்துடுங்க” என்றாள். “அந்த இன்னொரு வண்டியையே எடுப்போம். ஒரு முக்காலி போட்டா ஏறிட்டுப் போறேன்.”

“பூசை போட்டாச்சே” என்றேன்.

“அதனால என்ன? சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது.”

மெக்கானிக் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். எனக்கு அந்தக் குங்குமம்தான் கண்ணில் பட்டது. அவள் பெயருக்கு அர்ச்சனை செய்து, அவள் உயிருக்காக என்று வாங்கிய வண்டி. அதை வேண்டாம் என்று திருப்பி விட்டால், வேண்டாம் என்று சொன்னது வண்டியை மட்டும்தானா என்று மனம் கேட்டது. அறிவியல் பாடம் நடத்துகிறவன் நான். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால், “எல்லாம் பாத்துக்கலாம், ஹெட்ட மாத்திக் குடுங்க” என்று அதட்டலாகச் சொன்னேன்.

மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை, செம்மண் பாதையின் நடுவில் நீராவி கிளம்பி நின்றுவிட்டது. சேறு அதை ஒன்றும் செய்யவில்லை, சூடுதான். மறித்து ஏற ஒரு லோரிகூட வரவில்லை, அன்றைய டயாலிசிஸ் போய்விட்டது. மறுநாள் மெக்கானிக் வந்து ஒட்டுவேலை பார்த்துவிட்டு, ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை வேறு வண்டி கிடைக்காமல் அதையே எடுத்தேன். அதே இடத்தில் நின்றது. இரண்டு முறை தொடர்ந்து தவறினால் உடம்பில் சேரும் நீர் எங்கே போகும்? ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மூச்சு வாங்கியது. தோட்டத்து லோரியில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் இதயம் களைத்துப்போயிற்று என்றார்கள். ஆறு மாதம் கழித்து, வண்டி எதுவும் பழுதாகாத ஒரு சாதாரண நாளில் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று டாக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டேன்.

லோரியில் கொண்டுபோன அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டு, “மோசமான வண்டின்னு தெரிஞ்சும் ஏன் வச்சிருந்தீங்க மாப்ள?” என்று கத்தினார். என் வாயில் வந்தது இதுதான்: “பூசை போட்ட வண்டி, திருப்பக் கூடாதுன்னு அவதான் சொன்னா.” அவர் உடனே அடங்கிவிட்டார். தங்கையின் பக்தி அவருக்குத் தெரியும்.

பதினாறாம் நாள் சாப்பாட்டில் அவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “என் தங்கச்சிக்கு சாமி மேல அவ்வளவு பயம். மெக்கானிக்கே வேணாம்னு சொல்லியும் வண்டிய விடமாட்டேன்னுட்டா. இல்ல மாப்ள?”

நான் தலையாட்டினேன். எதிர்வரிசையில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவர் கை இலையில் அப்படியே நின்றது. தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மீண்டும் சாப்பிடத் தொடங்கினார்.

கைகழுவிவிட்டு என்னிடம் வந்தார். “வண்டிய நான் எடுத்துட்டுப் போறேன் சார், இனிமே நீங்க ஓட்ட வேணாம்” என்றார். சாவியைக் கொடுத்தேன். போகும்போது குரலைத் தாழ்த்தி, “அன்னிக்குப் பட்டறையில அக்கா சொன்னத நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்றார்.

மைத்துனர் இறக்கும் வரை அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தங்கையின் பக்தியை மெச்சுவதாக நினைத்துச் சொன்னார். கேட்டவர்களில் சிலர், அந்தப் பிடிவாதம்தான் அவளுக்கு எமனாயிற்று என்றும் பேசினார்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட மறுக்கவில்லை. திருப்பிக் கொடுக்கச் சொன்னவள் அவள். மாட்டேன் என்றவன் நான்.