எந்தச் சேலை?

எதிர்வீட்டு மூர்த்தியின் மகள் தேவிக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாணச் சேலை வெள்ளத்தில் நாசமாகிவிட்டது. காரணம் மழை என்று தெருவே சொல்கிறது. இல்லை... காரணம் நான்.

போன மாதம் இதே பக்கத்தில் எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? வெள்ளம் வந்தால் வீட்டை விட்டுக் கிளம்புவது எப்படி என்று! டார்ச், பிஸ்கட், மாத்திரை, ஆதார் கார்டு... பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள் என்று பெரிய மேதாவி மாதிரி உபதேசம் வேறு. நாலு பேர் போன் செய்து பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேகவதி ஆற்றை ஒட்டிய தெரு எங்களுடையது. மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில் மைக் கட்டிய ஆட்டோ வந்தது.

"ஏரி ரொம்பிடுச்சு, தண்ணி தொறக்கப் போறாங்க... முக்கியமான பொருளை மட்டும் எடுத்துக்கினு மதியத்துக்குள்ள ஸ்கூலுக்கு வந்துடுங்க!"

எனக்கு மாடி வீடு. பத்து நிமிடத்தில் பூட்டிவிட்டு, கையில் பட்டியலோடு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

மூர்த்தி பட்டு நெய்பவர். கடைக்காரர் நூல் கொடுப்பார், இவர் நெய்து கொடுப்பார். தறியில் யாரோ ஒரு மணப்பெண்ணின் சேலை பாதியில் நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இன்னொரு சேலை – தேவியுடையது. இருபது வருடம் ஊருக்கெல்லாம் நெய்தவர், முதல்முறையாகத் தன் சொந்த நூலில், தன் மகளுக்காக நெய்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. தீபாவளியன்று எனக்குப் பிரித்துக் காட்டினார். தொட்டும் பார்த்திருக்கிறேன்.

நான் போனபோது மூர்த்தி, தறிக்குக் கீழே கால் வைத்து மிதிக்கும் குழிக்குள் நின்றிருந்தார். குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறிவிட்டது.

"நெய்த வரைக்கும் அறுத்து எடுத்துக்கினு கெளம்பலாமே, மூர்த்தி?"

"ஐயோ, என்னாண்ணா பேசற? முந்தானை போடறதுக்குள்ள அறுத்தா அது சேலையே இல்ல, வெறும் துணி. யார் வூட்டுப் பொண்ணோ... அதுக்கும் தையிலதான் கல்யாணமாம்."

வாயை மூடிக்கொண்டு கூட நின்றேன். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலைத் தளர்த்தி, நெய்த பாகத்தோடு சுருட்டி, நூல் கோத்திருந்த அச்சையும் விழுதையும் சேர்த்து பிளாஸ்டிக் ஷீட்டில் பொதிந்து, உத்திரத்தில் தூக்கிக் கட்டினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒரு நூல் அறவில்லை!

அதற்குள் மூர்த்தியின் மனைவி லலிதா, அடுப்பும் அரிசியுமாக வாசலில் ஆட்டோவை நிரப்பிக்கொண்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஷிப்ட்டில் மாட்டிக்கொண்ட தேவி போன் செய்திருக்கிறாள். போனைக் காதில் வைத்தபடியே லலிதா வாசலிலிருந்து கத்தினார்:

"அண்ணா... சேலைய மேல எடுத்து வெச்சாச்சா?"

நான் உத்திரத்தைப் பார்த்தேன். பெருமையாக இருந்தது.

"வெச்சாச்சும்மா! பத்திரமா இருக்குது!"

பட்டியலில் டிக்கும் அடித்தேன்.

"மாமா வெச்சிட்டாராம்டி, நீ கவலைப்படாத" என்று லலிதா போனில் சொன்னது என் காதிலும் விழுந்தது. தேவி எதற்கு ஊரான் சேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

நெசவுக்காரர் வீட்டில் எல்லாமே சேலைதான். தறியில் இருப்பதும் சேலை, பீரோவில் இருப்பதும் சேலை. லலிதா கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினோம். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு. உத்திரத்து மூட்டை அப்படியே, காய்ந்து, கம்பீரமாக! லலிதா நேராகப் பீரோவுக்குப் போனார். கதவைத் திறந்ததும் கீழ்த்தட்டிலிருந்து தண்ணீர் கொட்டியது. கரையின் பச்சைச் சாயம் அரக்கில் இறங்கி, ஜரிகை கறுத்து, மடிப்புக்கு மடிப்பு சேறு.

"மேல வெச்சாச்சுன்னு சொன்னீங்களேண்ணா..."

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூர்த்தி ஒரு வாளி எடுத்துவந்து தறிக் குழியை இறைக்க ஆரம்பித்தார். ஊரான் கல்யாணத்துக்கும் நாள் நெருங்குகிறதே!

'முக்கியமான பொருளை எடுங்கள்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நம் பொருள் போனால் அழுதுவிட்டுப் போகலாம். ஊரான் பொருள் போனால் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் சில வீடுகளில் சொந்தப் பொருள் எப்போதும் கீழ்த்தட்டிலேயே இருந்துவிடுகிறது.

நேற்று கடைக்காரர் வந்தார். தறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளைப்பா... சேலை தப்பிச்சுது!"

கொடியில் மகளின் சேலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த லலிதா திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க, தப்பிச்சுது" என்றார்.

என் பட்டியலில் அந்த டிக் இன்னும் இருக்கிறது... அழிக்கக் கை வரவில்லை.