அம்மா சுற்றாமல் செய்த ஐஸ்கிரீம்

வறுத்த நிலக்கடலையை அம்மியில் இழைக்கும்போது முதலில் தூள் பறக்கும், பிறகு எண்ணெய் கசிந்து குழவியில் ஒட்டும், கடைசியில் தெருவே மூக்கைத் தூக்கிப் பார்க்கும்படி ஒரு வாசனை எழும். எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு "மல்லாட்டை" என்று பெயர். அதை வெண்ணெய் போல அரைத்து என் அம்மா அஞ்சலை ஐஸ்கிரீம் செய்தது, இடஒதுக்கீடு கேட்டுக் கள்ளக்குறிச்சிப் பக்கமெல்லாம் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் நடந்த வருஷத்தில்.

அதற்குச் சில மாதம் முன்பு, அம்மா கூலிக்குப் போன பெரிய வீட்டில் காதுகுத்து நடந்தது. அதற்காகக் கையால் சுற்றுகிற ஐஸ்கிரீம் மிஷின் ஒன்றை வாங்கியிருந்தார்கள். ஐஸை உடைத்துக் கல்லுப்புத் தூவி, உள்ளங்கை கொப்பளிக்கும்வரை அதைச் சுற்றியவள் அம்மாதான். விருந்தாளிகளுக்கெல்லாம் கண்ணாடிக் கிண்ணத்தில் போயிற்று. எனக்கு மட்டும் கொல்லைப்புறத்தில், உருகி வழிந்த மிச்சத்தை அந்த வீட்டம்மா கொட்டாங்கச்சியில் ஊற்றினாள். நான் வாயருகே கொண்டுபோனதை அம்மா வாங்கித் துவைகல்மேல் வைத்துவிட்டு, "வா, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

மறியலில் பஸ்கள் நின்றன. பால் வண்டியும் வராததால் எங்கள் மாட்டுப் பால் வீட்டிலேயே தங்கியது. கோமுகி அணை மீனுக்காகக் கச்சிராயபாளையத்துக்கு ஐஸ் ஏற்றிப்போன லாரி ஒன்று, வெட்டிப்போட்ட புளியமரத்தைத் தாண்ட முடியாமல் எங்கள் தெருமுனையில் நின்றது. "கரைஞ்சு வீணாத்தான் போவப்போவுது, எடுத்துக்கினு போங்கம்மா" என்றார் டிரைவர். அம்மா ஒரு பாளத்தைச் சாக்கில் சுற்றித் தலையில் தூக்கிவந்தாள்.

அவள் மல்லாட்டை அரைத்துக்கொண்டிருந்தபோது பெரிய வீட்டு வேலையாள் வந்தார்.

"அஞ்சல, ஐஸ் கெடைச்சிருக்காம். மிஷின் சுத்த அம்மா கூப்புடறாங்க."

"எம்மவளுக்கு ஐஸ்கிரீம் செய்யறேன். கை ஒழியலன்னு சொல்லு."

"மிஷின் இல்லாம இன்னாத்த செய்வ?"

"சுத்தாம செய்வேன். இனிமே யார் வூட்டு மிஷினையும் சுத்தறதா இல்ல."

அவர் போனதும் அப்பா முணுமுணுத்தார்: "மல்லாட்ட புடுங்கக் கூப்புட மாட்டாங்கடி."

"கூப்புடாட்டி போவட்டும்."

பாலைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து, வெல்லப்பாகும் அரைத்த விழுதும் கலந்து, தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினாள். அண்டாவில் ஐஸையும் கல்லுப்பையும் கொட்டிச் சட்டியை அதற்குள் புதைத்து, மேலே சாக்கைப் போர்த்தி, "யாரும் தொடாதீங்க. அதுவா உறையட்டும்" என்றாள். பொழுது சாயத் திறந்தபோது ஓரம் கல்லாயும் நடு கொழகொழப்பாயும் இருந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரையும் கூப்பிட்டாள். "கிண்ணம் எடுத்துக்கினு வாங்க. கொட்டாங்கச்சி வாணாம்." டிரைவருக்கும் எங்கள் வீட்டுக் கிண்ணத்திலேயே கொடுத்தாள். "இன்னாம்மா, மல்லாட்ட உருண்ட உறைஞ்சாப்புல கீது!" என்று சிரித்தபடி அவர் இரண்டாம் முறையும் வாங்கினார். பல்லில் ஐஸ் நறநறத்தது. இன்னும் வேண்டும் என்று சத்தமாகக் கேட்டுத் தின்றேன்.

அப்பா சொன்னதுதான் நடந்தது. அந்த அறுவடைக்கு எங்களைக் கூப்பிடவில்லை. வெள்ளிமலைக்கு ஏறிச் சாமை அறுத்தோம். கூலி கம்மி, பசியும் இருந்தது. அம்மா வருந்தி நான் பார்க்கவில்லை.

இப்போது அந்தச் சாலையில் புளியமரங்கள் இல்லை. பெரிய வீட்டு நிலம் மனைகளாகிவிட்டது. அதற்காக நான் பெருமூச்சு விடுவதில்லை. போனமாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு பேக்கரிக்கு அம்மாவை அழைத்துப்போனேன். நடுவே, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கார் வைத்த குடும்பம் ஒன்று உள்ளே வரவும், பரிமாறுகிற பையன் குனிந்து, "பாட்டி, கொஞ்சம் ஓரமாப் போயி உக்காருங்களேன்" என்றான்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"சாப்ட்டுக்கினு இருக்கேன்ல? அவங்களுக்கு வேற எடம் பாருப்பா" என்று சொல்லிவிட்டு, அவசரமே இல்லாமல் அடுத்த வாய் எடுத்தாள்.